லீவுக்காக நிறுத்திய மாத்திரை

ஆபரேஷன் பண்ணிவிட்டால் தொல்லை விட்டது என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். வலி நின்றிருக்கும்போது எதையும் நம்புவது சுலபம். இப்போது யார் சொன்னாலும் நம்பமாட்டேன். இடுப்பில் லேசாக ஒரு பிடிப்பு வந்தாலே கை கால் சில்லிட்டுப் போகிறது. இந்த வாரம் வலி இல்லை. இருக்கும்போது எழுத முடியாது. இல்லாதபோது எழுதினால் போனதைக் கூப்பிட்டு உட்கார வைத்தமாதிரி ஆகிவிடுமோ என்று பயம். பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

நான் அதிராம்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறேன். எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் இங்கே வந்து தங்குவார். தங்குவார் என்பது பேச்சுக்குச் சொல்வது. என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வாப்பா இறந்து பல வருஷமாயிற்று. வீட்டில் உம்மாவும் நானும்தான். அவளுக்கு நான் ஒரே பிள்ளை.

மாதாமாதம் சுருண்டு படுப்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனது, சரியாகவில்லை. ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். பிள்ளை வரவில்லை. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாதான் அதற்கு ஒரு பேர் சொன்னார்: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள்ளே மாதாமாதம் ஒரு மெல்லிய படலம் வளர்ந்து, பிறகு கரைந்து ரத்தமாக வெளியே போகும். அதேமாதிரிப் படலம் கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடல் மேலும் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் இந்த நோய். அதுவும் மாதாமாதம் கசியும். ஆனால் வெளியேற வழி கிடையாது. உள்ளேயே தேங்கிப் புண்ணாகி, பக்கத்தில் இருக்கும் உறுப்பையெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்ட வைக்கும். சினைப்பையில் தேங்கினால் பழைய ரத்தம் கெட்டியாகிக் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு கட்டியாக நிற்கும். அதற்குச் சாக்லேட் கட்டி என்று பேர். அந்தப் பேரை வைத்தவருக்கு ஒருநாளும் வயிறு வலித்திருக்காது.

வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டுக் கட்டியை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கேட்டார்: "வயல்ல கோரை பார்த்திருக்கீங்கல்ல? மேல பிடுங்கிடலாம், அடியில கிழங்கு நின்னுக்கும். இதுவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்துட்டேன். திரும்ப முளைக்காம இருக்கத்தான் மாத்திரை." அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வயல்காரர்கள், அதனால் எல்லோருக்கும் இதையே சொல்வார் போலிருக்கிறது. நான் கடலோரத்துக்காரி. எனக்குக் கோரை என்றால் பாய்தான் ஞாபகம் வரும். தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

அது ஹார்மோன் மாத்திரை. தினமும் ஒரே நேரத்தில் ஒன்று போட வேண்டும், விடாமல். போட்டால் மாதவிடாயே வராது. அது வராவிட்டால் உள்ளே ஒட்டியிருப்பதும் அடங்கிக் கிடக்கும். அப்படித்தான் அடங்கிக் கிடந்தது. அந்த ரமலானில் முப்பது நோன்பும் பிடித்தேன். மற்றப் பெண்களுக்கு மாதவிடாய் வரும் சில நாள் தொழுகையும் நோன்பும் இருக்காது, விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் கழிக்க வேண்டும். "உனக்கென்ன புள்ள, ஒரு பாக்கியும் இல்லாம முடிச்சிட்டே" என்று சித்தி மகள் பொறாமைப்பட்டாள். வாழ்க்கையிலேயே முதல்தடவையாக என் வயிற்றைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டது அப்போதுதான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு மச்சானின் லீவு நெருங்கியது.

எங்கள் ஊரில் எல்லாமே லீவுக்குத்தான் நடக்கும். நிக்காஹ், வீட்டுக்கு வெள்ளையடிப்பது, நிலம் பதிவு பண்ணுவது, சொத்தைப் பல் பிடுங்குவது வரைக்கும் 'லீவுக்குப் பார்த்துக்கலாம்' என்று ஒதுக்கி வைப்போம். பிள்ளையும் லீவுக்குத்தான். டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார், குழந்தைக்கு முயற்சி பண்ணும்போது மாத்திரையை நிறுத்த வேண்டும், நிறுத்துமுன் தன்னை வந்து பார்க்க வேண்டும் என்று. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். தெருவில் கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அவர் வந்து இறங்கின அன்னிக்கா நிறுத்துவே? உடம்பு பழக வேணாமா? முன்னாடியே நிறுத்திடு." விருந்தாளி வருமுன் அறையைக் கழுவி வைப்பது போல அவர்கள் சொல்ல, எனக்கும் நியாயமாகப் பட்டது. சில மாதம் முன்கூட்டியே நிறுத்திவிட்டேன்.

மச்சானுக்குப் பதிலாக வேலைக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. லீவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த மாதம் வந்தபோது அதற்கும் அடுத்த மாதத்துக்கு. நடுவில் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தால் திரும்பவும் நிறுத்திப் பழக வேண்டுமே என்று ஆரம்பிக்கவும் இல்லை. மாத்திரை நின்றது, மனுஷன் வரவில்லை. மாதவிடாய் மட்டும் சொன்னது சொன்னபடி வந்தது.

வலி திரும்பி வந்தது பள்ளிக்கூட லேபில். பிளஸ் டூ பிள்ளைகள் பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்கள், நான் நிறம் மாறுகிறதா என்று குனிந்து பார்த்தேன். இடது அடிவயிற்றில் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. அது தொடைக்கு இறங்கி, பின்னால் ஆசனவாய் வரைக்கும் போனது. இது வேறு எந்த வலியும் இல்லை என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. வலியைவிடப் பயம்தான் முந்திக்கொண்டு வந்தது. பெஞ்சைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மிஸ், காலையில சாப்பிடலையா மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன்.

உம்மாவிடம் சொல்லவில்லை. மச்சான் வீடியோ காலில் கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்பேன். உண்மையைச் சொன்னால் மாத்திரையைப் போடு என்பார். போட்டால் இந்த லீவும் வீணாகிவிடும். எனக்கு முப்பத்து மூன்று வயது. இன்னும் எத்தனை லீவு மிச்சம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்பேன். வெந்நீர் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்தினேன். மலம் கழிக்கப் போகவே பயம், அங்கேயும் வலித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆண்கள் போய்த் தெரு காலியாகக் கிடந்த நேரம். அடுப்படியில் நின்றிருந்த எனக்கு வயிற்றுக்குள் ஏதோ அறுந்தது. வாந்தி எடுத்தேன், கண் இருட்டியது. உம்மா வந்து என்னைப் பார்த்தாள். காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிப்போய்க் கார் பிடித்து வந்தாள்.

தஞ்சாவூருக்குப் போகிற வழியில் பட்டுக்கோட்டை தாண்டியதும் அறுவடைக் காலம் என்பது தெரிந்தது. ரோட்டில் ஒரு பாதி முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். மற்றப் பாதியில் அறுவடை மெஷின் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. கார் இறங்கி ஏறும் ஒவ்வொரு பள்ளமும் என் வயிற்றுக்குள்ளேயே விழுந்தது. வெளியே குரல் கேட்கப் பேசாத உம்மா, கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிக் கத்தினாள்: "தம்பி, ஒதுங்குங்க தம்பி! புள்ளைக்கு முடியல! ஒதுங்குங்க!" மெஷின்காரர் வயலுக்குள்ளேயே இறக்கிவிட்டார். அவருக்கு என் துஆ இன்றைக்கும் உண்டு.

ஸ்கேன் அறையில் எனக்குப் பிடிக்காதது குளிர்கூட இல்லை, அந்த மௌனம்தான். ஸ்கேன் எடுத்த பெண் முதலில் ஊர், வேலை எல்லாம் கேட்டாள். பிறகு பேச்சு நின்றது. திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அளவெடுத்தாள், திரும்பவும் அளவெடுத்தாள். "என்ன தெரியுது?" என்றேன். "டாக்டர் சொல்வாங்க மேடம்" என்றாள். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவள், மேடம் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது.

இடது பக்கம் மறுபடியும் சாக்லேட் கட்டி வந்திருக்கிறது. அது கசிந்து வயிற்றுக்குள் பரவியிருக்கிறது. உடனே அட்மிட் பண்ணினார்கள். டிரிப்ஸ், வலிக்கு ஊசி, காய்ச்சல் வராமல் இருக்க இன்னொரு ஊசி. கத்தி வைக்காமல் அடங்குகிறதா என்று பார்ப்போம் என்றார் டாக்டரம்மா.

பக்கத்துக் கட்டிலில் பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த செல்வி அக்கா. ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். தையல் வலியிலும் வாய் ஓயாத ஆள். "என்னத்துக்கு இவ்ளோ அவஸ்தைப்படுறீங்க? என்னைய மாதிரி எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்றார். அவருக்குக் காலேஜ் படிக்கும் மகனும் மகளும் மாறி மாறி வந்து போனார்கள். எனக்குப் பிள்ளை இல்லை என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "தெரியாம சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று அதற்குப் பிறகு ஒரு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். இந்த நோயில் கர்ப்பப்பையை எடுத்தாலும் வெளியே ஒட்டியிருப்பது அங்கேயே இருக்கலாம் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கே தைரியமில்லை.

உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் தண்ணீரில் ஓதி ஊதி எனக்குக் குடிக்கக் கொடுப்பாள். செல்வி அக்கா அதைக் கவனித்துக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கும் கொஞ்சம் ஊதிக் குடுங்கம்மா, தையல் ஆறட்டும்" என்று டம்ளரை நீட்டினார். உம்மா அவர் பேரைக் கேட்டு, பேர் சொல்லி துஆ செய்து கொடுத்தாள். பதிலுக்கு அக்கா வீட்டிலிருந்து வந்த ரசம் சாதத்தில் எனக்குப் பங்கு கிடைத்தது. பில்லைப் பற்றி மட்டும் என்னிடம் யாரும் பேசவில்லை. பேசாததிலிருந்தே பெரிய தொகை என்று புரிந்தது.

எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்கள். குடலில் எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கிறது, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயை அடைக்கிறதா என்று அதில் தெரியுமாம். குழாய் அடைபட்டால் வலியே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகலாம் என்று படித்திருந்தேன். போனில் தேடாதீங்க என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தேடினேன். குடலை வெட்டி, மலம் வெளியேற வயிற்றில் பை மாட்டிவிட்ட ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்தபிறகு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. எம்.ஆர்.ஐ. மெஷினின் குழிக்குள்ளே படுக்க வைத்து, அசையாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டமடம என்று காதைப் பிளக்கும் சத்தம். மனப்பாடமாகத் தெரிந்த குர்ஆன் சூராவே நடுவில் மறந்துபோனது. திரும்பத் திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். என்னை விட்டுவிடு, என்னை விட்டுவிடு என்று யாரிடம் கெஞ்சினேன் என்றுகூடத் தெரியவில்லை. நோயிடம் கெஞ்சியிருப்பேன்.

குழாய் அடைபடவில்லை. குடலோடு ஒட்டியிருந்தது, ஆனால் உள்ளே துளைக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விடுமுன் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்தார். சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் பரிசோதனை அது. என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவாக இருந்தது.

"மறுபடி ஆபரேஷன் பண்ணினா கட்டியோட சேர்ந்து நல்ல முட்டையும் போகும். அதனால அது கடைசி வழி" என்றார். "மாத்திரையைத் திரும்பப் போட்டு நாலஞ்சு மாசம் உள்ள எல்லாம் ஆறட்டும். அப்புறம் முட்டையை வெளிய எடுத்து, கருவாக்கி வைக்கிறதுக்குப் பார்க்கலாம். அப்ப உங்க வீட்டுக்காரர் இங்க இருக்கணும்."

"இந்த லீவுலயே தானா வர வாய்ப்பு இல்லையா டாக்டர்?"

"இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். கொஞ்சம்தான் இருக்கு. ஆனா மாத்திரை இல்லாத ஒவ்வொரு மாசமும் உங்களுக்கு வலி. தாங்கமுடியலைன்னா உடனே வந்துடணும். முடிவு நீங்கதான் எடுக்கணும்."

முட்டையை எடுத்து வைத்தாலும் அது கருவாகும் என்று உறுதி கிடையாது, அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்றும் தெரியாது. ஒருபக்கம் இந்தப் பயம், இன்னொரு பக்கம் வலி. எதைத் தேர்ந்தெடுப்பது? வலி வந்தால் பிள்ளை வேண்டாம் என்று தோன்றும். வலி விட்டால் பிள்ளை இல்லாத வீட்டில் எனக்கு வயதாவது கண்ணுக்குத் தெரியும்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மச்சான் வந்துவிட்டார். உம்மாதான் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். இத்தனை மாதம் தராத லீவை, பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் என்றதும் கம்பெனி கொடுத்துவிட்டது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து பெட்டியோடு நேரே வார்டுக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, என் கையில் ஊசி குத்தி நீலம் பாய்ந்த இடத்தையே பார்த்தார். "நல்லா இருக்கேன்னுதானே சொன்னே?" என்றார். அதைவிட அவர் அடித்திருந்தால்கூடத் தேவலை.

இந்த லீவில் மாத்திரை வேண்டாம், பார்த்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். அவர் சரி என்றார். உம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். இந்த நோயில் கணவனோடு சேர்வதே வலிக்கும். பிள்ளைக்காக மாத்திரையை நிறுத்தினால், பிள்ளைக்கான காரியமே சித்திரவதையாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இருட்டில் தெரியாது என்று நினைத்தேன். அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அடுத்த மாதவிடாய் வந்தது. பிள்ளை இல்லை என்ற செய்தியும் வலியும் ஒன்றாகவே வந்தன. வெயில் ஏறிவிட்டிருந்தது. நான் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் முழங்காலிட்டு, மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்தால்தான் கொஞ்சம் தாங்கும். முன்பெல்லாம் லீவில் வலி வந்தால் உம்மா அறையில் போய்ப் படுத்துக்கொள்வேன், அதனால் மச்சான் என்னை இந்தக் கோலத்தில் பார்த்ததே இல்லை. அவருக்கு என் வலி என்பது போனில் கேட்ட ஒரு வார்த்தைதான். பின்னால் நின்றுகொண்டிருந்தவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"போதும். மாத்திரையப் போட்டுரு" என்றார்.

"இன்னும் ஒரு மாசம் இருக்கு மச்சான். நான் தாங்கிடுவேன்."

"என்னால முடியல. எனக்குப் பயமா இருக்கு."

இத்தனை வருஷமும் நான் ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருந்த வார்த்தை அது. அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. "அப்ப புள்ள? புள்ள வேணாமா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் என் முதுகில் கையை வைத்தபடியே இருந்தார்.

மாப்பிள்ளை இருக்கும் அறைக்குள் மாமியார் நுழையும் வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. எதுவானாலும் கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார்கள். அன்றைக்கு உம்மா திரையை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தாள். ஒரு கையில் தண்ணீர், இன்னொரு கையில் மாத்திரை அட்டை. பேரப்பிள்ளைக்காக என்னைவிட அதிகமாக அழுதவள் அவள்.

"எனக்கும் ஒரே புள்ளதான்" என்றாள். "வாயத் திற."

திறந்தேன். அவளே மாத்திரையைப் பிரித்து நாக்கில் வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். தெருவிலிருக்கும் நர்ஸம்மா வந்து வலிக்கு ஊசியும் போட்டாயிற்று, வலி மெல்லக் குறைந்தது, அழுகை மட்டும் நிற்கவில்லை. ஒருபக்கம் மச்சான், ஒருபக்கம் உம்மா. எங்கே வலிக்குது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.